வண்டி வீட்டுக்கு ஆறாவது பூச்சு

சர்ர்... சர்ர்... சர்ர்...

பக்கத்து ஷெட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் தையலக்காவின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றுவிட்டது. ஊசி பாதி துணிக்குள் இறங்கியபடி நின்றது. இந்த உடுப்புக்குச் சொந்தக்காரி இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்பாள். ஆனாலும் கால் நகரவில்லை.

உப்புத்தாள். சந்தேகமே வேண்டாம். நான்கு மாதமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தச் சத்தத்தின் குலம் கோத்திரம் எல்லாம் தெரிந்துவிட்டது. தாள் புதுசா பழசா, சொரசொரப்பா நைஸா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். இது சொரசொரப்பு. அப்படியென்றால் மேலாகத் தேய்க்கவில்லை, அடியோடு சுரண்டுகிறார்.

நேற்று சாயங்காலம்தான் ஐந்தாவது பூச்சு முடிந்தது. "இதோட சரிம்மா. இனிமே கை வைக்கிற வேலையே இல்ல" என்று சொல்லி, கை கழுவி, தலை துவட்டி, நிம்மதியாக இரண்டு கோப்பை டீ குடித்தார் அவள் கணவர். அதே மனிதர் இன்று காலை பத்து மணிக்கு அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

கத்தரிக்கோலை மேஜை மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் ஒரு நூல்கண்டு உருண்டு பீரோவுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. அதை எடுக்கக் குனியாமல் தையல் அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் இருந்த கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தூசி. நடுவில், ஷெட்டையே அடைத்துக்கொண்டு நின்றது அந்த வண்டி வீடு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற தகர வீடு. உள்ளே ஒரு கட்டில், சின்னதாக ஓர் அடுப்பு மேடை, மறைவாக ஒரு கழிப்பிடம், தலையணை அகலத்தில் ஒரு ஜன்னல். யாரோ பத்து வருடம் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்திருந்ததை வாங்கி வந்திருந்தார்கள். அதன் இடது பக்கம் முழுக்க இப்போது சிவப்புச் சிவப்பாக வட்டங்கள். முக்காலி மேல் நின்றபடி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தன் பழைய தொழிற்சாலைக் கோட்டோடு ஒவ்வொரு வட்டமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார் அவர்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"நாப்பத்து மூணு இடம்."

"எண்ணியாச்சா?"

"எண்ணாம எப்படி? டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாரு. பொடிப்பொடியா குழி விழுந்திருக்கு."

"என் தங்கச்சி டார்ச் எடுத்துட்டு வெளியில வந்து குழி எண்ணப் போறாளா? அவ உள்ள படுக்கப் போறா."

"அதுக்காக அம்மைத் தழும்போட கொண்டு போய் நிறுத்த முடியுமா?"

"இன்னைக்கு என்ன கிழமை?"

கிழமை கேட்டால் அவர் பதில் சொல்லமாட்டார். எத்தனை குழி என்றால் சொல்வார்.

"புதன்," என்றாள் அவளே. "சனிக்கிழமை காலையில இந்த வண்டி ரோட்டுல இருக்கணும். இல்லன்னா நான் பஸ்ல போறேன். போய் ஆஸ்பத்திரி வாசல்ல துண்டை விரிச்சுப் படுத்துக்கிறேன். நீங்க இங்கயே இருந்து ஆயுசு பூரா குழி எண்ணுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, பஸ்ஸில் போய்ப் பிரயோஜனம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அங்கே தேவைப்படுவது அவள் அல்ல, இந்த வண்டிதான்.

ஒரு பகல் முழுக்கக் காரில் போக வேண்டிய தூரத்தில் இருந்தாள் தங்கை. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. லிஃப்ட் கிடையாது. இரண்டு வருடமாக இடுப்பு எலும்பு தேய்ந்து, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்து ஏறிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்துக்கு முன்தான் ஒருவழியாக அறுவை சிகிச்சைக்கு, வருகிற திங்கட்கிழமை என்று, தேதி கிடைத்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அறுவை முடிந்து ஆறு வாரம் ஒரு படிகூட ஏறக்கூடாது. கீழ்த்தளத்தில் தங்க இடம் இருப்பதாக ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தேதி அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்த தேதி ஏழு மாதம் கழித்து.

அந்த நேரத்தில்தான் கணவர் வண்டி வீட்டைப் பற்றிச் சொன்னார். தங்கை குடியிருக்கிற வீட்டின் முற்றத்தில் நிறுத்திவிட்டால், ஒரே ஒரு தாழ்ந்த பலகை போட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். அக்காவும் கூடவே இருக்கலாம். அன்றைக்கு அவர் மேல் அவளுக்கு எவ்வளவு அன்பு வந்தது தெரியுமா. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது, அந்த அன்பை வீணடித்துவிட்டோமே என்று.

வீட்டுக்கார அம்மா சரி என்றாள். போட்டோவைப் பார்த்ததும், "துருப்பிடிச்ச டப்பாவை என் முற்றத்துல நிறுத்தாதீங்க. நல்லா பெயிண்ட் அடிச்சுக் கொண்டு வாங்க" என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். அந்த ஒரு வாக்கியத்தோடு தையலக்காவின் தலையெழுத்து மாறிப்போனது. பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று யாரிடம் சொல்லக்கூடாதோ அவரிடமே சொல்லிவிட்டாள் அந்த மகராசி.

ஏனென்றால் தையலக்காவின் கணவர் முப்பத்து இரண்டு வருடம் ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவராக இருந்தவர். பெயிண்ட் செக்‌ஷனிலிருந்து வரிசையாக வருகிற கதவுகளை விளக்கடியில் நிறுத்தி, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவது வேலை. ஓய்வு பெற்று வரும்போது மாலையும் கடிகாரமும் கொடுத்தார்கள். அவராக எடுத்து வந்தது ஒரு பெட்டி சிவப்புப் பென்சில்.

அந்தப் பென்சில் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எதுவும் தப்பவில்லை. சுவரில் விரிசல் என்றால் வட்டம். மேஜையில் கீறல் என்றால் வட்டம். ஒரு தடவை வாடிக்கைக்காரி ஒருத்தியின் கல்யாண கவுனில், ஓரமடிப்பில் ஒரு தையல் கோணல் என்று வட்டம் போட்டு வைத்துவிட்டார். அதைக் கவனிக்காமல் தையலக்கா மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டாள். மெழுகு உருகித் துணியில் எண்ணெய் வளையமாக இறங்கிவிட்டது. சோப்புக்கும் போகவில்லை, சுடுதண்ணீருக்கும் போகவில்லை. கடைசியில் அந்த இடத்தில் ஒரு பூவைத் தைத்து மறைத்தாள். வாடிக்கைக்காரி பூ பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வேலை அப்படி. குறை வந்தால் உள்பக்கம் மடித்துத் தைத்துவிட்டு, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் கொடுத்தாக வேண்டும். அவர் வேலையோ குறையைத் தேடிப் பிடித்து ஊருக்குக் காட்டுவது. இந்த இரண்டு வேலையும் ஒரே கூரைக்கு அடியில் முப்பத்தைந்து வருடம் குடித்தனம் பண்ணியதுதான் ஆச்சரியம்.

மத்தியானம் தங்கை ஃபோன் பண்ணினாள்.

"என்னக்கா, வண்டி வெள்ளையாயிடுச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

"சத்தம் கேட்குதே."

"அது... மெஷின் சத்தம்."

"அக்கா, எனக்கே பொய்யா? மாமா தேய்க்கிறாரு." தங்கை சிரித்தாள். "ஃபிரிட்ஜ் வெள்ளைதானே அடிக்கிறாரு? உள்ள படுத்தா குளிருமா?"

"உனக்கு எல்லாம் விளையாட்டு."

"அழுதா மட்டும் இடுப்பு சரியாயிடுமா?" பிறகு தங்கை மெதுவாகச் சொன்னாள். "முடியலன்னா பரவாயில்லக்கா. ஏழு மாசம்தானே. இவ்வளவு நாள் தள்ளினவ, இன்னும் ஏழு மாசம் தள்ள மாட்டேனா?"

அந்தப் "பரவாயில்லக்கா"தான் தையலக்காவின் நெஞ்சைக் கிழித்தது. ஆறு வருடத்துக்கு முன்னும் இதே குரலில்தான் பேசினாள். தங்கையின் புருஷன் திடீரென்று போய்விட்டான் என்று விடியற்காலையில் செய்தி வந்து, அழுதுகொண்டே காரில் ஏறி உட்கார்ந்தாள் தையலக்கா. கணவரோ முன்சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். மூன்று மணி நேரம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். தங்கை ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. "வந்துட்டியாக்கா? பரவாயில்ல. கை கால் கழுவிட்டு வா, சாப்பிடு" என்றாள். பத்து வயதில் தாயை இழந்து, பத்தொன்பது வயது அக்காவின் மடியில் வளர்ந்த பெண். அவளை வீட்டில் தனியாக விடக்கூடாது என்பதற்காகவே வீட்டிலிருந்தபடி தையல் கற்றுக்கொண்டவள் அக்கா. அப்படிப்பட்ட அக்கா, வேண்டிய ஒரு நாளில், சக்கரத்துக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவரைக்கூட மன்னித்துவிட்டாள். தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

ஃபோனை வைத்துவிட்டு மறுபடியும் ஷெட்டுக்குள் போனாள். இந்தத் தடவை கத்துவதற்குத்தான் போனாள். ஆனால் அவர் தண்ணீர் குடிக்கக் கொல்லைப்பக்கம் போயிருந்தார். ஜன்னல் வழியாகச் சாய்வாக வெயில் விழுந்து, இன்னும் சுரண்டாத வலது பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோபத்தோடு அதையே முறைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கிட்டப் போனாள். கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டாள்.

குழிகள் இருந்தன. ஊசி முனையால் குத்தியதுபோல. ஆனால் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. வரிசையாக நின்றன. வரிசை வளைந்து வளைந்து போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஒரு வட்டம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம். கொஞ்சம் மேலே மூன்றாவது.

அவளுக்கு அந்தக் கல்யாண கவுன் ஞாபகம் வந்தது.

கணவர் வந்ததும் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். "இது உங்க பென்சிலுங்க. நீங்க வட்டம் போட்ட இடத்துல மெழுகு ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல பெயிண்ட் உட்கார மாட்டேங்குது. குழி விழுது. குழி விழுந்தா நீங்க வட்டம் போடறீங்க. வட்டம் போட்டா மறுபடி குழி விழுது."

"அட, போம்மா. அது துணி. இது தகரம்."

"மெழுகு மெழுகுதானே?"

"துடைச்சுட்டுத்தானே அடிக்கிறேன்."

"எதால துடைக்கிறீங்க?"

அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் காட்டினார். நான்கு மாதத்து அழுக்கு அதில் குடியிருந்தது. ஒரு காலத்தில் அவருடைய பனியனாக இருந்தது. இப்போது மெழுகுத்திரி என்று சொன்னால்கூட நம்பலாம்.

"முப்பத்து ரெண்டு வருஷம்," என்றார் அவர், முக்காலியில் ஏறிக்கொண்டே. "எத்தனை ஆயிரம் கதவுல வட்டம் போட்டிருப்பேன்? ஒண்ணாவது குழியோட திரும்பி வந்திருக்கா? நீ போய் உன் வேலையைப் பாரு."

சர்ர்... சர்ர்...

தையலக்கா தலையில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கி, பாதியில் நிறுத்தினாள். சொல்கிற ஆள் சரியில்லை என்றால் ஆளை மாற்ற வேண்டியதுதான். உள்ளே போய் அவருடைய பழைய டைரியை எடுத்தாள். தொழிற்சாலை ஆட்களின் எண்கள் எல்லாம் அதில் இருந்தன. பெயிண்ட் செக்‌ஷன் என்று எழுதிய பக்கத்தில் ஒரே ஓர் எண்தான். அதைச் சுற்றியும் ஒரு சிவப்பு வட்டம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பெயிண்டர் வந்துவிட்டார். ஒல்லியான ஆள், அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். தோளில் ஸ்பிரே கன் வைத்த பை. அந்தத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கதவுக்கு பெயிண்ட் அடித்தவர். அந்த இருபத்தாறு வருடமும் அவர் அடித்த கதவுகளைத் திருப்பி அனுப்பியவர்தான் தையலக்காவின் கணவர். ஓய்வுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

"வாங்க தம்பி," என்று தையலக்கா கதவைத் திறந்தாள். "கூப்பிட்டதும் வந்துட்டீங்க."

"வராம இருப்பேனாக்கா? இருபத்தாறு வருஷம் வட்டம் சார் எங்க செக்‌ஷனுக்கு வந்து குறை சொன்னாரு. ஒரு நாளாவது அவரு ஷெட்டுக்குப் போய்க் குறை சொல்லணும்னு எனக்கு ஒரு வேண்டுதல்."

"யாரு சார்?"

"வட்டம் சார். உங்களுக்குத் தெரியாதா? ஃபேக்டரியில அதுதான் பேரு. சாரோட நிஜப் பேரு சம்பளத்துல மட்டும்தான் இருந்துச்சு."

பல நாளுக்குப் பிறகு தையலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளேயிருந்து வந்த கணவரின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். அவர் பெயிண்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியாம ஆள் வெச்சுட்டியா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா நடக்காதே."

பெயிண்டர் வண்டி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதன் மேல் கையே வைக்கவில்லை. குனிந்து, பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, வெளிச்சம் விழுகிற பக்கம் மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல சார். ஒரு தகரத் துண்டு இருந்தா கொடுங்க. பழைய பெயிண்ட் அடிச்சதா இருக்கணும்."

துண்டு வந்தது. "உங்க கையால ஒரு வட்டம் போடுங்க சார்."

கணவர் முறைத்துக்கொண்டே போட்டார். எவ்வளவு கோபத்தில் போட்டாலும் அச்சில் வார்த்தது போலத்தான் விழும் அவர் வட்டம்.

"இப்ப நீங்க எப்பவும் துடைக்கிற மாதிரி துடைங்க."

அந்தப் பழைய பனியனால் துடைத்தார். சிவப்பு போய்விட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவியைப் பார்த்து, என்ன சொல்கிறாய் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

"அக்கா, சுத்தமான பருத்தித் துணி ரெண்டு கிடைக்குமா? சாயம் போடாதது."

தையலக்காவிடம் துணிக்கா பஞ்சம்? ஒரு மூட்டை வெட்டுத்துணி கொண்டுவந்து போட்டாள். பெயிண்டர் ஒரு துணியைப் பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்து, வட்டம் இருந்த இடத்தில் இடது பாதியை மட்டும் துடைத்தார். ஈரம் காய்வதற்குள் இன்னொரு துணியால் ஒற்றி எடுத்தார். பிறகு உப்புத்தாளால் முழுவதையும் லேசாகத் தேய்த்தார். கன்னை எடுத்து ஒரே வீச்சில் வெள்ளையை அடித்தார்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் எல்லாம் ஒரே வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. அப்புறம், யாரோ உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு சின்னக் கண் திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே மற்றொன்று. பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி விலகி ஓடியது. வலது பக்கம் மட்டும் குழிகள் வரிசை கட்டி, அச்சு அசல் அரை வட்டமாக நின்றன. இடது பாதி பால் மாதிரி இருந்தது.

கணவர் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார். கையிலிருந்த சிவப்புப் பென்சிலைப் பார்த்தார். "அப்போ ஃபேக்டரியில ஏன் வரல?"

"நீங்க வட்டம் போட்டு அனுப்பின கதவு ஒவ்வொண்ணையும் நாங்க தின்னரால கழுவிட்டுத்தான் சார் திருப்பி அடிப்போம். அதுக்குன்னே ரெண்டு பேரை வெச்சிருந்தோம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேன் சார். சேர்ந்த முதல் வருஷமே ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தேன். மெழுகுப் பென்சில் வேண்டாம், வேற ஏதாவது வெச்சு அடையாளம் பண்ணுங்கன்னு. தேதி போடல, செக்‌ஷன் நம்பர் போடலன்னு ரெண்டு இடத்துல வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிட்டீங்க."

தையலக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டுத்துணி மூட்டையை அவிழ்ப்பதுபோல் பாவனை பண்ணினாள்.

வட்டம் போடுவது அவர் வேலை, அழிப்பது வேறு யாரோ செய்கிற வேலை. முப்பத்து இரண்டு வருடத்தில் தான் போட்ட ஒரு வட்டத்தைக்கூட அவர் தன் கையால் அழித்ததில்லை. முதல் தடவையாக அழிக்க வேண்டி வந்த இடம் இந்த ஷெட்தான்.

"அப்போ நான் திருப்பி அனுப்பினதெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"ஐயோ, அதெல்லாம் நிஜமான குறைதான் சார். நாங்க அவ்வளவு யோக்கியம் கிடையாது," என்றார் பெயிண்டர் அவசரமாக. "நீங்க இல்லன்னா பாதிக் கதவு வழிஞ்சுக்கிட்டேதான் போயிருக்கும். குறையை நீங்களே உண்டாக்கினது இங்க மட்டும்தான்."

கணவர் பென்சிலைக் கோட்டுப் பைக்குள் போட்டார். பிறகு மனைவியிடம் சொன்னார். பெயிண்டர் நிற்பதையும் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

"அன்னைக்குச் சக்கரத்தைக் கழட்டிக் கழட்டி மாட்டினேனே. நேரத்தோட போய்ச் சேரல. உன் தங்கச்சி ஒரு வார்த்தை கேட்கல. அதான், இந்தத் தடவை யாரும் ஒரு குறை சொல்ல முடியாத மாதிரி ஒண்ணைக் கொண்டு போய் அவ வாசல்ல நிறுத்தணும்னு..."

ஆறு வருடமாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. அது வந்த அன்றைக்குத் தானும் அழுது, அவரையும் அழவைத்து, எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டும் என்று தையலக்கா எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. கண்ணீரும் வந்தது. ஆனால் அதையும் முந்திக்கொண்டு எரிச்சல் வந்தது.

"அவ உங்ககிட்ட பளபளப்பையாங்க கேட்டா? நேரத்துக்கு வாங்கன்னுதான் கேட்டா. அன்னைக்கும் அதேதான், இன்னைக்கும் அதேதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அவர் கையில் திணித்தாள். "அழறதெல்லாம் ஞாயித்துக்கிழமை அவ முன்னாடி உட்கார்ந்து அழலாம். இப்ப துடைங்க."

துடைத்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து. ஒருவர் நனைத்துத் துடைக்க, பின்னாலேயே ஒருவர் உலர்ந்த துணியால் ஒற்ற, தையலக்கா துணி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் அழுக்கான துணியைக் கணவர் திருப்பிப் பிடித்தால்கூட பெயிண்டர் விடவில்லை. "போட்டுடுங்க சார். அதே துணின்னா மெழுகு இடம்தான் மாறும், போகாது." கணவர் மறுபேச்சுப் பேசாமல் கீழே போட்டார். அந்தக் காட்சியை ஃபேக்டரி ஆட்கள் யாராவது பார்த்திருந்தால் வேலையை நிறுத்திவிட்டு நின்றிருப்பார்கள்.

வெட்டுத்துணி மூட்டை காலியானபோது மணி பதினொன்று. பழைய பூச்சை லேசாகத் தேய்த்து, தூசி தட்டி, தரையில் தண்ணீர் தெளித்தார்கள். அப்புறம் பெயிண்டர் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கன் சீறிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கணவர் தையல் அறையில் மெஷினுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டேயிருந்தார்.

"உட்காருங்க."

"வாசல் ஓரத்துல ரெண்டு கை அடிச்சாரான்னு தெரியல."

"உட்காருங்கன்னேன்."

மூன்று மணிக்கு பெயிண்டர் கதவைத் திறந்தார். வண்டி வீடு வெள்ளை வெளேரென்று நின்றது. தையலக்காவுக்கு அது ஒரு பெரிய ஃபிரிட்ஜ் மாதிரிதான் தெரிந்தது. இருந்தாலும் சொல்லவில்லை. கணவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு சுற்றினார். இடது பக்கம். பின்பக்கம். வலது பக்கம். வாசலுக்கு மேலே வந்ததும் டார்ச் நின்றுவிட்டது.

"ஒரு கொசு," என்றார். "உட்கார்ந்திருக்கு."

பெயிண்டர் எட்டிப் பார்த்தார். "ஆமா சார். கால் ஒட்டிக்கிச்சு. பாவம்."

கணவரின் கை தானாகக் கோட்டுப் பைக்குப் போனது. பென்சிலைத் தொட்டது. தையலக்கா அவர் முகத்தையே பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் அவள் பார்த்த முகம். நெற்றி சுருங்கியது, உதடு அழுந்தியது, காது மடல்கூடச் சிவந்தது. ஒரு கொசுவுக்காக ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட முடியுமா என்று அவளுக்குத் தோன்றியது.

கை வெறுமையாக வெளியே வந்தது.

"அதுவும் வரட்டும்," என்றார்.

பெயிண்டர் கன்னைக் கழுவிப் பையில் வைத்தார். "நாளைக்குப் பூரா யாரும் தொடக்கூடாது. சனிக்கிழமை விடிஞ்சதும் கிளம்பலாம்." ஷெட்டுக் கதவைப் பூட்டி, சாவியை யோசிக்காமல் தையலக்காவிடம் நீட்டினார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. சார் கண்ணுல காட்டாதீங்க."

அவள் அதை ஊசிப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பெயிண்டரிடம் கணவர், "ஒரு நிமிஷம்" என்றார். பீரோவைத் திறந்து எதையோ தேடினார். கையில் ஒரு பச்சைக் கார்டோடு வந்தார். தொழிற்சாலையில் குறையில்லாத கதவில் மாட்டுகிற கார்டு. 'சரி' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

பெயிண்டர் அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கண் ஓரம் பளபளத்தது. ஆனாலும் விடவில்லை.

"தேதி இருக்கு சார். செக்‌ஷன் நம்பர் போடலையே."

கணவர் கார்டைத் திரும்ப வாங்கினார். கொஞ்சம் யோசித்தார். 'வீட்டு ஷெட்' என்று எழுதிக் கொடுத்தார்.

"இப்ப சரியா இருக்கு," என்று பெயிண்டர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தங்கச்சியை நான் விசாரிச்சேன்னு சொல்லுங்கக்கா."

"சொல்றேன் தம்பி. பார்த்துப் போங்க."

அவர் தெருவில் இறங்கி நடந்தார். கணவர் வாசல்படியில் நின்று, போகிற முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று ஒரு சுழல் சுழன்று, தெருத் தூசியை அள்ளிக்கொண்டு வாசலை நோக்கி வந்தது.

"என்னங்க கதவைத் திறந்து போட்டுக்கிட்டு வேடிக்கை?" என்றாள் தையலக்கா. "பெயிண்ட் ஈரமா இருக்கு. கதவிடுக்கு வழியா ஷெட்டுக்குள்ள தூசி போயிடும். உள்ள வாங்க முதல்ல."

அவர் உள்ளே வந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.